காணமும் நித்யகல்யாணியும்

வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில், விஜயகரிசல்குளம் என்றொரு கிராமம். அதன் அருகே ஒரு மண்மேடு. ஜனங்கள் அதை மேட்டுக்காடு என்கிறார்கள். விடிவதற்கு முன்னால் சிவகாசிப் பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வண்டிகள் ஓடும் வட்டாரம் அது. 2022ஆம் வருஷம் மார்ச் மாதம் தமிழ்நாடு தொல்லியல் துறையார் அந்த மேட்டில் குழி போடத் தொடங்கினார்கள். 2023இல் இரண்டாம் கட்டம், 2024இல் மூன்றாம் கட்டம். சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை, தந்தத்தில் செய்த பகடை, சிறு தங்க அணி, நூல் நூற்கும் தக்களி என்று ஆயிரக்கணக்கான பொருள்கள் வெளிவந்தன. இவற்றுடன், கூரிய சில்லுகளாகச் செதுக்கிய நுண்கற்கருவிகளும் கிடைத்தன.

தங்கம் பெரிய செய்தியாயிற்று. தக்களி பட்டியலில் ஒரு வரியாயிற்று. நமக்கோ தக்களிதான் பெரிசு. இராஜபாளையத்தில் மில்லில் கதிர் முன்னால் இராத்திரி ஷிப்டு நிற்கும் பெண்ணுக்கு அந்தத் தக்களி பாட்டி முறை. சங்கை அறுத்து வளையலாக்கியவனுக்கும் திரி சுற்றுகிறவனுக்கும் உறவு அதிக தூரமில்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மண்ணைக் கொத்தி, கூடையில் அள்ளிச் சலித்துப் பார்க்கும் வேலை எந்த அகழாய்விலும் அந்தந்த ஊர்க் கூலி ஜனங்கள் கையில்தான் இருக்கிறது. கொத்து எந்த இடத்தில் ஓட்டின் மேல் படுகிறது, எந்த இடத்தில் கல்லின் மேல் படுகிறது என்று முதலில் தெரிவது அவர்கள் கைக்கு. அறிக்கைகளில் அவர்கள் பெயர் வருவது அபூர்வம்.

இதே கரிசல் பூமியில் இன்னொரு ஆராய்ச்சியின் வாலும் கிடக்கிறது. விருதுநகர், தூத்துக்குடி, இராமநாதபுரம் ஜில்லாக்களின் மானாவாரிக் காடுகளில் ஒரு செடி பயிராகிறது. கோவில் நந்தவனத்தில் பூத்தால் அதற்கு நித்யகல்யாணி என்று பெயர். சுடுகாட்டு ஓரம் பூத்தால் அதுவே சுடுகாட்டு மல்லி. சில ஊர்களில் பட்டிப்பூ. வெள்ளையும் ரோஜா நிறமுமாக வருஷம் முழுக்கப் பூக்கும். ஆடு மாடு அதில் வாய் வைக்காது, அவ்வளவு கசப்பு. அதனாலேயே வேலி போட வசதியில்லாத சம்சாரிக்கு அது தோதான பயிர். சிறு பிராயத்தில் நாங்கள் அந்தப் பூவைப் பறித்தால், "சுடுகாட்டுப் பூவை வீட்டுக்குக் கொண்டு வராதே" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். இன்று அந்த இலை மூட்டை மூட்டையாகக் கப்பலேறுகிறது.

வெம்பக்கோட்டை மேட்டுக்கும் இந்தப் பூவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். காட்டுச் செடியைப் பயிராக்கியது ஒரு கதை. பயிரை மருந்தாக்கியது இன்னொரு கதை. இரண்டும் உழைக்கிறவர் கையில் தொடங்கியவை. முதல் கதையில் அவர்களுக்குப் பெயர் இல்லாமல் போயிற்று. இரண்டாவதில் பங்கு இல்லாமல் போயிற்று. அந்த இரண்டாவது கதை இப்போது ஒரு திருப்பத்துக்கு வந்திருக்கிறது. கரிசல் சம்சாரியின் அடுப்பைத் தொடக்கூடிய திருப்பம் அது. ஆகவே ஆதியிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

வாலியின் சாம்பலா, மாட்டுச் சாணமா?

மனிதன் கல்லைச் செதுக்கிக் கருவி செய்த காலம் மிக நீண்டது. அதற்குப் பிறகு கல்லைத் தேய்த்து வழவழப்பாக்கிக் கோடரி செய்தான், ஆடு மாடு வளர்த்தான், விதைத்து அறுத்தான், பானை வனைந்தான். இதைத்தான் புதிய கற்காலம் என்கிறார்கள். நமது ஜில்லாவில் கிடைத்த நுண்கற்கருவிகள் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் பிழைத்த மக்களின் கருவி வகையைச் சேர்ந்தவை. தேரி மணலில், சாயர்புரம் பக்கம் கிடைத்தவையும் அப்படிப்பட்டவையே. உழவின் பழைய தடத்தைப் பார்க்க வேண்டுமானால் நாம் வடக்கே, சேலம், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் வழியாகப் பெல்லாரி வரை போக வேண்டும்.

இந்த ஆராய்ச்சிக்கு இந்த நாட்டில் வழி திறந்தவர் புரூஸ் பூட் என்ற நிலவியல் அதிகாரி. 1863 மே 30ஆம் தேதி சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்கால ஆயுதம் ஒன்றைக் கண்டெடுத்தவர். பிறகு சேர்வராயன் மலைக்குப் போனபோது, வழவழப்பான கற்கோடரிகளை மலை ஜனங்கள் பிள்ளையார் கோவில்களில் வைத்திருப்பதைப் பார்த்தார். அது ஏதோ ஆதிகாலத்துச் சாமான் என்பது அந்த ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. எவருடைய சாமான் என்பதுதான் தெரியவில்லை. பாட்டன் கோடரியைப் பேரன் கும்பிட்டுக் கொண்டிருந்தான்!

அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரி ஜில்லாவில் பெரிய பெரிய சாம்பல் மேடுகள் உண்டு. ஹம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றை, இராமாயணத்து வாலியைத் தகனம் செய்த சாம்பல் என்று சொல்வார்கள். வெள்ளைக்காரத் துரைமார்களும் ஆளுக்கொரு கதை கட்டினார்கள்; எரிமலைச் சாம்பல் என்றார் ஒருவர், நரபலி என்றார் இன்னொருவர். மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல் என்றார் பூட். 1957இல் இன்றைய தெலங்கானாவிலுள்ள உட்னூரில் ஆல்ச்சின் என்ற ஆராய்ச்சியாளர் தோண்டியபோது விஷயம் தீர்ந்தது. சாம்பலுக்கு நடுவே மாட்டுக் குளம்படிகள் அப்படியே பதிந்து கிடந்தன. கம்பங்களை நட்டுச் சுற்றி வளைத்த கிடை! நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் மாடு அடைத்த கிடையில் குவிந்த சாணத்தை அவ்வப்போது எரித்திருக்கிறார்கள். வாலியைத் தேடிப் போனவர்கள் மாட்டுக்காரனைக் கண்டார்கள்.

அந்த மாட்டுக்காரன் என்ன சாப்பிட்டான்? இதைக் கண்டுபிடித்த முறை வெகு எளிமையானது. பழைய அடுப்புச் சாம்பலையும் குப்பைக்குழி மண்ணையும் தண்ணீரில் கரைப்பார்கள். மண் அடியில் தங்கும். கருகிய விதை மேலே மிதக்கும். மெல்லிய சல்லடையில் வடித்து, உலர்த்தி, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள். சமையலில் தவறி அடுப்பில் விழுந்து கருகிய தானியம்தான் நமக்குச் சரித்திரம் சொல்கிறது. அரசன் கல்வெட்டு வெட்டி வைப்பான். உழவன் வீட்டுச் சரித்திரத்தை எழுதியது அடுப்பு.

தார்வார் கர்நாடகப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரவி கொரிசெட்டர், லண்டனைச் சேர்ந்த டோரியன் புல்லர் முதலானவர்கள் பெல்லாரிப் பக்கத்துச் சங்கனகல்லு போன்ற பல இடங்களில் இப்படி விதை வடித்துப் பார்த்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த மக்களின் முக்கியப் பயிர்கள் நான்கு: இரண்டு வகைச் சிறுதானியம், பாசிப்பயறு, கொள்ளு. கொள்ளு என்றால் நம் ஊர்க் காணம். நமது திருப்பத்தூர் பக்கத்துப் பையம்பள்ளியில் 1964-65இலும் 1967-68இலும் மத்திய தொல்லியல் துறை தோண்டியபோதும் காணமும் பயறும் கருகிக் கிடைத்தன.

மழை பொய்த்தாலும் பொய்க்காத காணம்! புஞ்சைக்காட்டில் கடைசியாக விதைத்து, வீட்டில் கடைசியாகத் தீரும் காணம்! அதைக் குதிரைத் தீனி என்று கேலி செய்தவர்கள் உண்டு. தென்னாட்டு உழவின் மூத்த பிள்ளைகளில் அது ஒன்று.

பறித்த கை

காட்டுப் பயறு எப்படிப் பயிரானது? காட்டில் வளரும் பயறு காய்ந்ததும் நெற்று வெடித்து விதையைச் சிதறும். அது செடியின் தந்திரம். வம்சம் பரவ வேண்டுமே. ஆனால் கூடையோடு வருகிறவள் கைக்கு எது கிடைக்கும்? வெடிக்காமல் செடியிலேயே நிற்கும் நெற்றுத்தான். ஆயிரம் செடியில் ஒன்றிரண்டு அப்படி இருக்கும். அதைப் பறித்தாள். கொஞ்சம் தின்றாள், கொஞ்சம் விதைத்தாள். அடுத்த வருஷம் வெடிக்காத செடி கொஞ்சம் கூடிற்று. இப்படித் தலைமுறை தலைமுறையாக நடந்து, மனிதன் அடித்தாலொழிய விதை உதிராத பயிர் பிறந்தது. விதைத்ததும் முளைக்காமல் மண்ணுக்குள் தூங்கும் குணமும் இப்படியே குறைந்தது.

இதைத் திட்டம் போட்டுச் செய்த மேதாவி எவரும் இல்லை. கண் பார்த்தது, கை தேர்ந்தது. கார்டன் சைல்டு என்ற சரித்திர அறிஞர் 1936இல் எழுதிய நூலில் இந்த மாற்றத்தைப் புதிய கற்காலப் புரட்சி என்று எழுதினார். புரட்சி என்றவுடன் ஒரே இரவில் நடந்ததாக நினைக்க வேண்டாம். இன்றைய ஆராய்ச்சிகள் பல நூற்றாண்டுகள், சில பயிர்களில் ஆயிரம் வருஷத்துக்கு மேலும் ஆயிற்று என்கின்றன. விளைவைப் பார்த்தால் புரட்சிதான். உழவைத் தொடங்கியவர்கள் பெண்களே என்ற கருத்தை தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1959இல் வெளிவந்த 'லோகாயத' நூலில் விரிவாக வாதித்தார். அதற்கு நேர்ச் சாட்சி மண்ணுக்குள் கிடைக்காது. ஆனால் இன்றைக்கும் விதைப் பானையில் சாம்பல் கலந்து மூடி வைப்பவள் யார், பூச்சி விழுந்ததா என்று புடைத்துப் பார்ப்பவள் யார் என்று ஒவ்வொருவரும் தம் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

சங்கனகல்லுப் பக்கத்தில் ஹிரேகுட்டா என்ற குன்றில் கற்கோடரி செய்த பட்டறையே இருந்தது. உடைத்த சில்லுகள் குவியல் குவியலாகக் கிடந்தன. தேய்த்த பள்ளங்கள் பாறையிலேயே இருந்தன. அந்த வட்டாரத்துக் குன்றுகளில் ஒரு பகுதியை நம் காலத்தில் கல்குவாரிக்காரர்கள் வெடி வைத்து உடைத்துவிட்டார்கள். நாலாயிரம் வருஷத்துத் தொழிலாளியின் வேலையிடம் ஜல்லியாகப் போயிற்று.

இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல வேண்டும். சமீப வருஷங்களில் பழமை பற்றிய பேச்சு தமிழ்நாட்டில் மிகுந்திருக்கிறது. 2021இல் சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் சுமார் 3200 வருஷப் பழமையானது என்று அறிவித்தார்கள். 2022இல் மயிலாடும்பாறை இரும்பு கி.மு. 2172 என்றார்கள், அங்கே இரும்புக்கு முந்திய புதிய கற்காலப் படிவும் உண்டு. 2025 ஜனவரியில் சிவகளை இரும்பு கி.மு. 3345 வரை போகிறது என்றார்கள். அறிஞர்கள் இந்தக் கடைசிக் கணக்கை விவாதித்து வருகிறார்கள். விவாதிக்கட்டும், அதுதான் விஞ்ஞானம். நாம் பெருமைப்படுவதிலும் தவறில்லை. ஆனால் மேடையில் மட்டும் பெருமையைப் பேசிவிட்டு, நெல்லை விளைவித்தவன், இரும்பை உருக்கியவன் எப்படி வாழ்ந்தான் என்ற கேள்வியை விட்டுவிடுகிறார்கள்.

மண்ணின் பெருமை பேசுகிறவர்கள் கரிசல் காட்டையே ஒரு தரம் சுற்றிப் பார்க்கட்டும். கம்பும் சோளமும் ஆப்பிரிக்காவில் பயிராகி, சுமார் நாலாயிரம் வருஷத்துக்கு முன்பிருந்து இந்த நாட்டுக்கு வந்தவை. மிளகாயும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. காணமும் பயறும் இங்கே பிறந்தவை. எல்லாம் ஒரே வயலில் நிற்கின்றன; ஒரே சட்டியில் வேகின்றன. எவனோ ஒரு கறுப்பு உழவன் தேர்ந்த விதையில் நம் பாட்டி கூழ் காய்ச்சினாள். நித்யகல்யாணியும் ஆப்பிரிக்காவை ஒட்டிய மடகாஸ்கர் தீவில் பிறந்ததுதான். கல்யாணி என்று நாம் பெயர் வைத்துவிட்டதால் அது நம் வீட்டுப் பெண்ணாகிவிட்டது.

ஒரு உறையில் 25 இலை

இனி இரண்டாவது கதை. நித்யகல்யாணி இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் நீரிழிவு தணியும் என்று பல தேசத்துச் சாதாரண ஜனங்கள் நம்பி வந்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் ஜமைக்காவிலும் அந்த வழக்கம் உண்டு. 1952இல் அங்கிருந்த ஒரு டாக்டர் 25 இலைகளை ஒரு உறையில் போட்டுக் கனடாவிலிருந்த கிளார்க் நோபிள் என்ற டாக்டருக்கு அனுப்பினார். அவர் அதை மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தம் சகோதரர் இராபர்ட் நோபிளிடம் தந்தார்.

எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றினார்கள். எலிகள் நோய்க்கிருமி தாக்கிச் செத்தன. இன்னொருவராயிருந்தால் தூக்கி எறிந்திருப்பார். ஏன் செத்தன என்று இவர்கள் பார்த்தார்கள். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் விழுந்திருந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்! 1954இல் சார்லஸ் பீர் என்ற இரசாயன விஞ்ஞானி வந்து சேர்ந்தார். இலையிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்து 1958இல் உலகுக்குச் சொன்னார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனியும் தனியாக இந்தச் செடியை ஆராய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கம்பெனியின் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது மில் தொழிலாளிக்கு உடனே விளங்கும். உடம்பின் ஒரு அணு இரண்டாகப் பிரியும்போது அதற்குள் நூல் நூலாக ஒரு கதிர் கட்டப்படுகிறது. விஞ்ஞானிகளும் அதற்கு நூற்புக் கதிர் என்ற பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்த நூல்கள்தான் அணுவின் சரக்கை இரண்டு பங்காக இழுத்துப் பிரிப்பவை. நித்யகல்யாணிச் சத்து அந்த நூல் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. கதிர் கட்டவில்லை; அணு பிரியவில்லை; வேகமாகப் பெருகும் புற்றுநோய் அணு முதலில் சாகிறது. வெறிபிடித்து ஓடும் மெஷினை நிறுத்துகிற வேலை.

1950களில் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை பெரும்பாலும் சில மாதங்களில் இறந்துவிடும். வின்கிரிஸ்டினை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கும் முறை வந்த பிறகு நிலைமை படிப்படியாக மாறியது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோயில், வசதி மிக்க நாடுகளில் இன்று பத்துக்கு ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது இருக்கிறது. சுடுகாட்டு மல்லி குழந்தைகளைச் சுடுகாட்டிலிருந்து திருப்பி அனுப்புகிறது!

ஜமைக்காவில் கஷாயம் வைத்த கிழவிக்கு என்ன கிடைத்தது? மடகாஸ்கருக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. கம்பெனிக்கு லாபம் கிடைத்தது. செடி பல தேசங்களில் பரவிவிட்டது, யாருடையது என்று சொல்ல முடியாது என்பது பதில். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் எவருடையதும் அல்லாத செடி கம்பெனியின் பேடண்டு ஆவதற்கு மட்டும் எந்தத் தடையும் இருக்கவில்லை.

ஒரு ஊசிக்கு நாலு கிலோ

இலையில் இந்தச் சத்து இருக்கும் அளவு அற்பம். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்குச் சுமார் 2000 கிலோ. வின்கிரிஸ்டினை ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் வழக்கமாகப் போடமாட்டார்கள். கணக்குப் பாருங்கள்: ஒரு ஊசிக்கு 4 கிலோ காய்ந்த இலை. மானாவாரியில், மழை ஒத்துழைத்தால், ஒரு ஹெக்டேருக்கு 2 டன் அளவு காய்ந்த இலை எடுக்கலாம் என்று வேளாண் நூல்கள் சொல்கின்றன. ஆகவே ஒரு ஹெக்டேர் கரிசல் காட்டின் இலை ஒரு கிராம் மருந்து, ஐந்நூறு ஊசி. ஒரு சத்தை இன்னொன்றாக மாற்றும் இரசாயன வழியும் உண்டு என்பதால் இது தோராயக் கணக்குத்தான். வேர் தனிச் சரக்கு. அதிலிருந்து இரத்த ஓட்டத்துக்கான மருந்து எடுக்கிறார்கள்.

இந்த 4 கிலோவை வெயிலில் குனிந்து உருவியவள் கரிசல் காட்டுக் கூலிப் பெண். காடு வேலை தராத மாதங்களில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போகிற குடும்பங்கள் இந்தப் பக்கம் எத்தனை! மழை பொய்த்த இந்த வறண்ட பூமியில்தானே 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர் பிடித்தது. நித்யகல்யாணிக்கு மத்திய சர்க்காரின் ஆதார விலை கிடையாது. இலை எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பது ஏற்றுமதி வியாபாரிக்குத் தெரியும். தரகருக்குப் பாதி தெரியும். சம்சாரிக்கு மூட்டையை எடை போடும் நாளில் சொல்லப்படும் விலை மட்டும் தெரியும். இலை உருவிய பெண்ணுக்கு, அது குழந்தையின் உயிரைக் காக்கும் மருந்தாகிறது என்ற செய்திகூடச் சேருவதில்லை. கேட்டால், "ஏதோ மருந்துக்காம்" என்பாள்.

இப்போது திருப்பத்துக்கு வருகிறேன். 2022இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள், ஜே கீஸ்லிங் முதலானவர்கள், ஒரு பெரிய காரியம் செய்தார்கள். ரொட்டிக்கு மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிருக்குள் செடியின் மரபுக் குணங்களைப் புகுத்தினார்கள். வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய இரண்டு பாதிச் சத்துகளை அந்த ஈஸ்ட் தயாரித்தது. இரண்டையும் இரசாயனமாகச் சேர்த்தால் மருந்து. செடி முப்பதுக்கு மேற்பட்ட படிகளில் செய்வதை ஈஸ்ட் தொட்டிக்குள் செய்துகாட்டிவிட்டார்கள்.

இது நல்ல விஞ்ஞானம். 2019இல் ஒரு கம்பெனி உற்பத்தியை நிறுத்தியதால் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டின் தட்டுப்பாடு ஏற்பட்டு, குழந்தைகளின் சிகிச்சை தடுமாறியது. அந்தச் சரக்கில் லாபம் குறைவு என்பதால் செய்ய ஆளில்லை! மழையையும் கம்பெனியின் மனசையும் நம்பி ஒரு குழந்தையின் ஊசி இருக்கக்கூடாது. தொட்டியில் மருந்து மலிவாக விளைந்தால் அதை எதிர்க்கிறவர் எவரும் இருக்க முடியாது. இன்னும் அது பெரிய அளவில் ஆலைக்கு வரவில்லை. ஆனால் வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

வந்தால் கரிசல் காட்டில் என்ன நடக்கும்? இதற்கு முன்னால் நடந்ததைப் பார்த்தால் போதும். நீலச் சாயத்துக்காக இந்த நாட்டில் லட்சக்கணக்கான ஏக்கரில் அவுரி பயிரானது. நமது தென்னாற்காட்டிலும் உண்டு. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. சில வருஷத்தில் அவுரி விழுந்தது. பீஹாரில் சம்பாரணில் என்ன செய்தார்கள் தெரியுமா? அவுரி பயிரிடும் கட்டாயத்திலிருந்து உன்னை விடுவிக்கிறேன், அதற்குக் குத்தகையைக் கூட்டிக் கொடு என்று வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் குடியானவனிடமே வசூலித்தார்கள்! நஷ்டத்தை இறக்கி வைக்க அவர்களுக்குக் கிடைத்த முதுகு அது. 1917இல் காந்தி அங்கே போனது இதன் காரணமாகத்தான்.

ஜெர்மன் விஞ்ஞானி குற்றவாளியா? இல்லை. சோதனைக் குடுவையில் எந்தத் தப்பும் இல்லை. குடுவையில் நடப்பதைக் கம்பெனி முன்கூட்டியே அறிந்திருந்தது, தோட்ட முதலாளியும் அறிந்திருந்தான்; வயலில் நின்றவன் மட்டும் கடைசியில் அறிந்தான். அதுதான் தப்பு.

வேறு வழியும் இருந்தது என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. பேடண்டு சட்டத்தை 1970இல் நமது பார்லிமெண்டு மாற்றியமைத்தது. மருந்துப் பொருளுக்கே பேடண்டு என்பது போய், செய்முறைக்கு மட்டும் என்றாயிற்று. 1984இல் புனேயிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடம், ஜனங்களின் வரிப்பணத்தில் நடக்கும் ஸ்தாபனம், சிப்லா கம்பெனியுடன் சேர்ந்து வின்பிளாஸ்டினையும் வின்கிரிஸ்டினையும் இங்கேயே தயாரிக்க வழி கண்டது. நம் இலை, நம் விஞ்ஞானி, நம் மருந்து. 2005இல் சட்டம் மறுபடியும் மாற்றப்பட்டுப் பொருள் பேடண்டு திரும்பி வந்துவிட்டது. நாளைக்கு ஈஸ்ட் தொட்டியின் சூட்சுமம் எவர் பெட்டியில் பூட்டப்படும் என்று சொல்லத் தேவையில்லை.

பொது ஆய்வுக்கூடம் செய்தது ஒரு பாதிதான். இலையை மருந்தாக்கும் வழி தெரிந்த நாடு, இலை விளையும் இடத்தில் அதை வாங்கிச் சத்துப் பிரிக்க ஒரு கூட்டுறவுச் சாலை வைக்க முடியாதா? விருதுநகர் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். பருப்பு, எண்ணெய், வற்றல் விலையைச் சுற்றுவட்டாரத்துக்கே சொல்லும் சந்தை. அந்தச் சந்தையில் நித்யகல்யாணி இலைக்கும் வேருக்கும் தினசரி விலை எழுதிப் போடுவதில் என்ன கஷ்டம்? ஈஸ்ட் ஆராய்ச்சியின் நிலவரத்தை வேளாண் இலாகாக்காரர் கிராமத்தில் வந்து வருஷம் ஒரு முறை சொன்னால் என்ன? மாற்றுப் பயிர் வேண்டுமானால் அதற்கான விதையும் கடனும் இலை விழுவதற்கு முன்னால் வர வேண்டும். விழுந்த பிறகு வரும் நிவாரணத்தின் லட்சணம் நமக்குத் தெரியும். காணமும் பயறும் கம்பும் திரும்ப ஏறினாலும் நல்லதுதான். சிறுதானியத்துக்கு இப்போது பட்டணத்தில் மவுசு வந்திருக்கிறது. அந்த மவுசில் காட்டுக்காரன் பங்கு எவ்வளவு என்பதையும் கூடவே கேட்டு வைப்போம்.

உயிரினப் பன்மைச் சட்டம் 2002இல் வந்தபோது, செடியையும் அறிவையும் காத்து வந்த ஜனங்களுக்குப் பலனில் பங்கு என்று எழுதினார்கள். 2023 திருத்தத்தில் பயிரிடும் மூலிகைகளுக்கு அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். விவசாயிக்குத் தொல்லை குறையும் என்று காரணம் சொன்னார்கள். தொல்லை குறைந்ததோ இல்லையோ, பங்கு கேட்கும் வழி ஒன்று அடைபட்டது.

ஐப்பசி மழைக்கு முன்னால் கரிசலில் விதைப்பு தொடங்கிவிடும். நித்யகல்யாணி போடுகிற சம்சாரிகள் இந்தத் தடவை ஊர்வாரியாகக் கூடி, இலைக்கு என்ன விலை, வேருக்கு என்ன விலை, எந்த மாதம் எடுப்பு என்று விதைப்புக்கு முன்பே வியாபாரியிடம் எழுத்தில் வாங்க வேண்டும். இலை உருவுகிற பெண்களின் கூலியையும் அதே தாளில் எழுத வேண்டும். எழுத மாட்டேன் என்கிற வியாபாரிக்கு எவரும் தனியாக மூட்டை போடாமல் இருப்பது ஊர்க்கட்டுப்பாடாக இருக்கட்டும்.